சாக்கில் வந்த கரி

பிப்ரவரி 3

கோபக்காரத் தங்கைக்கு,

என் போனை எடுப்பதில்லை என்று முடிவு கட்டிவிட்டாய். சரி. கடிதத்தை நடுவில் துண்டிக்க முடியாது. கசக்கி எறிந்தாலும் ‘என்னதான் எழுதித் தொலைத்திருக்கிறாள்’ என்று எடுத்து நீவிவிட்டுப் படிப்பாய். உன்னை எனக்குத் தெரியும்.

அன்றைக்கு நான் கத்தியது தப்பு. மாப்பிள்ளை சாப்பாட்டுத் தட்டோடு நிற்கும்போது, பக்கத்து நிலத்துக்காரரும் அவர் மனைவியும் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது, “அறிவிருக்கா உனக்கு? இதைப் போய் மண்ணுல கொட்டியிருக்கியே!” என்று கத்தியது பெரிய தப்பு. ஆனால் சொன்ன விஷயத்தில் ஒரு எழுத்தைக்கூடத் திரும்பப் பெற மாட்டேன்.

உன் கொட்டகையில் அடுக்கியிருந்த அந்தக் கறுப்புச் சாக்குகளைப் பிரித்துப் பார்த்த பிறகு எனக்கு வாயை அடக்க முடியவில்லை. அது நான் உண்டாக்கிய கரி. விவசாயக் கழிவைக் காற்றுப் படாமல் சூளையில் சுட்டு, அதன் துளைகளுக்குள் நான் வளர்த்த பாக்டீரியாவைக் குடியேற்றிச் செய்தது. கழிவுநீர் நிலையத்தின் தொட்டிகளில் வடிகட்டியாக இருக்க வேண்டிய பொருள். நாம் துணி துவைக்கும்போது கழன்று போகிற பாலியெஸ்டர் நார், நைலான் தூசு, கண்ணுக்கே தெரியாத பிளாஸ்டிக் துணுக்குகள் எல்லாவற்றையும் அது கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். நிரம்பிய பிறகு அதை மறுபடி சூளையில் போட்டுக் கடும் சூட்டில் எரிக்க வேண்டும். பிடித்த பிளாஸ்டிக் அப்போதுதான் ஒழியும். நிலையத்தை நடத்துகிற கம்பெனிக்கு நான் எழுதிக் கொடுத்த முதல் விதியே அதுதான்.

புதுக் கரி கையில் மைபோல ஒட்டும். உன் சாக்கில் இருந்த கரியில் துணி மெஷினின் வடிகட்டியில் சேருமே, அந்த மாதிரி சாம்பல் நிறப் பஞ்சு கிடந்தது. எரிக்காமலே உன் தலையில் கட்டியிருக்கிறார்கள். ஊரார் அழுக்குத் தண்ணீரிலிருந்து நான் பிடித்துக் கொடுத்ததை ‘மண் ஊட்டம்’ என்று பெயர் வைத்து உன் கேரட் பாத்தியில் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறார்கள். நினைத்தாலே பற்றிக்கொண்டு வருகிறது.

எனக்கு உன் மண் வேண்டும். நானே வந்து எடுக்கக் கூடாதாம். சொந்தக்காரர் நிலத்தில் ஆராய்ச்சியாளர் கால் வைப்பது முறையில்லை என்று இயக்குநர் சொல்லிவிட்டார். அதனால் நீ எடுத்து அனுப்பு. கண்ணாடி ஜாடி, இரும்பு மூடி, எவர்சில்வர் கரண்டி. பிளாஸ்டிக் எதுவும் கிட்டே வரக் கூடாது. பருத்தித் துணி உடுத்திக்கொள். ஒரு ஜாடியை மட்டும் மண் போடாமல், எடுக்கும் நேரம் முழுக்கத் திறந்து வைத்து, அப்படியே மூடி அனுப்பு. காற்றிலிருந்தும் ஜாடியிலிருந்தும் என்ன வந்தது என்று அந்த வெற்று ஜாடிதான் எனக்குச் சொல்லும்.

உன்
அக்கா


பிப்ரவரி 11

டாக்டரம்மாவுக்கு,

நீ மன்னிப்புக் கேட்டிருக்கிறாயா, இன்னொரு முறை திட்டியிருக்கிறாயா என்று தெரியாமல் நானும் இவரும் மாற்றி மாற்றிப் படித்தோம். “மன்னிப்புதான்டி, அவங்க பாஷையில” என்கிறார் இவர். இவருக்கு எப்போதும் உன்மேல் ஒரு கரிசனம்.

நான் கேட்கிறேன், பதில் சொல். அந்தச் சாக்கை நான் ஏன் வாங்கினேன்? கடைக்காரன் சொன்னான் என்றா? சாக்கின் நடுவில் உன் ஆராய்ச்சிக்கூடத்து முத்திரை. அதன் கீழே வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு நீ. பல் தெரியாமல் சிரிக்கிறாய் பார், அதே போட்டோ. நான் போய்ப் பக்கத்து நிலத்துக்காரரிடமும் அந்தப் பக்கத்து இரண்டு குடும்பத்திடமும் “எங்க அக்கா கண்டுபிடிச்சது, கண்ணை மூடிக்கிட்டு வாங்குங்க” என்று தம்பட்டம் அடித்தேன். அவர்களும் வாங்கினார்கள். இப்போது பக்கத்து நிலத்து அம்மா என்னைத் தெருவில் பார்த்தால் செருப்பில் ஏதோ ஒட்டிக்கொண்ட மாதிரி குனிந்துகொண்டு போகிறாள்.

எரிக்க வேண்டும் என்று விதி எழுதினேன் என்கிறாயே, எரித்தார்களா என்று ஒரு நாளாவது போய்ப் பார்த்தாயா? என் பாத்திரத்தில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்கத் தெரிகிற உனக்கு, அந்தச் சூளைக்குள் எட்டிப் பார்க்கத் தெரியவில்லையா?

எங்கள் கேரட்டும் முள்ளங்கியும் எங்கே போகிறது என்று உனக்குத் தெரியும். மருத்துவமனைச் சமையலறைக்கு. உடம்புக்கு முடியாதவர்கள் சாப்பிடுகிற காய். அந்த ஒரு வாடிக்கையை நம்பித்தான் இந்தக் குடும்பம் ஓடுகிறது. இந்தப் பேச்சு அங்கே எட்டினால் மறுநாளே எங்கள் வேன் வாசலில் நின்றுவிடும். அதை நினைத்துக்கொண்டு எழுது, அடுத்த கடிதத்தை.

ஜாடிகளை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். கண்ணாடி பளிச்சென்று இருக்கும், பார். உன்னிடம் பேச்சு வாங்க எனக்குத் தெம்பு இல்லை.

தங்கை


பிப்ரவரி 26

அன்புத் தங்கைக்கு,

‘போய்ப் பார்த்தாயா’ என்று கேட்டாயே, அது சுருக்கென்று தைத்தது. மாதா மாதம் ‘எரித்தாயிற்று’ என்று கம்பெனியிலிருந்து அறிக்கை வரும். நானும் நம்பிக்கொண்டிருந்தேன். உன் கடிதம் வந்த மறுநாள் சொல்லாமல் கொள்ளாமல் போய் நின்றேன். சூளை இருக்கிறது. கதவைத் திறந்தால் உள்ளே கால் உடைந்த நாற்காலிகள், பழைய மேசை, ஓடாத மின்விசிறி. செங்கல்லில் ஒரு பொட்டுப் புகைக்கறை இல்லை. காவலாளி என்னைப் பார்த்து, “இது ஸ்டோர் ரூம்தானே மேடம்?” என்றார். அங்கேயே தரையில் உட்கார்ந்து அழலாமா, யார் சட்டையையாவது பிடிக்கலாமா என்று எனக்குத் தெரியவில்லை.

உன் மண்ணில் பிளாஸ்டிக் இருக்கிறது. கொஞ்சமில்லை. நுண்ணோக்கியில் வைத்தால் நீலம், சிவப்பு, வெள்ளை என்று தையல்கடைத் தரை மாதிரி இருக்கிறது. வழக்கமாகச் செய்வதைத்தான் செய்தேன். மண்ணின்மேல் ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றினால் வேர், புழு, பூஞ்சை என்று உயிருள்ளது எல்லாம் நுரைத்துக் கரைந்துவிடும். பிளாஸ்டிக் மட்டும் மிஞ்சும். அதை எண்ணுவோம்.

ஆனால் தாயே, ஒன்று கேட்கிறேன். அந்த வெற்று ஜாடி. மண்ணே போடாத ஜாடி. அதற்குள்ளும் பச்சை நார்! எல்லா ஜாடியிலும் அதே பச்சை. ஜாடிகளை எதை வைத்துத் தேய்த்தாய்? உண்மையைச் சொல். எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது, அது உண்மையாக இருந்தால் தலையை எங்கே முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை.

வெற்று ஜாடியில் நார் இருந்தால் மொத்தத் தொகுப்பும் செல்லாது. நான் பச்சையைக் கழித்துவிட்டு மீதியை எழுதலாம்தான். யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியுமே. இயக்குநரிடம் உள்ளது உள்ளபடி சொல்லிவிட்டேன், மறுபடி எடுக்க வேண்டும் என்றும் சொன்னேன். அவர் மிகவும் கனிவாகத் தலையாட்டினார். அந்தக் கனிவு எனக்குப் பிடிக்கவில்லை.

உன்
அக்கா


மார்ச் 5

அக்கா,

ஆமாம், பச்சை ஸ்க்ரப்பர்தான். புதுசு பிரித்து, சோப்புப் போட்டு, ஒவ்வொரு ஜாடியையும் உள்ளே கைவிட்டுக் கையெல்லாம் வலிக்க வலிக்கத் தேய்த்தேன். “அவ வீட்டு டம்ளரை முகர்ந்து பார்த்துட்டுத்தான் குடிக்கணும்” என்று சொந்தக்காரர்கள் எல்லோரிடமும் சொல்லித் திரிந்தது யார்? உன்னிடம் போகிற ஜாடி என்றுதான் அப்படித் தேய்த்தேன். பிளாஸ்டிக் கிட்டே வரக் கூடாது என்று எழுதினாயே, ஸ்க்ரப்பர் பிளாஸ்டிக் என்று எழுதினாயா? நான் அதைப் பஞ்சு என்றுதான் நினைத்திருந்தேன். சிரிக்காதே.

சிரிக்கிற விஷயம் அதோடு முடிந்தது. உன் கடிதம் வந்து சேருவதற்கு முந்தின நாளே கம்பெனியிலிருந்து ஒருவர் வந்துவிட்டார். ஷூவில் முகம் பார்க்கலாம், அப்படி ஒரு பாலிஷ். பாத்தி ஓரத்தில் அந்த ஷூ மண்ணில் படாமல் நடந்த நடையைப் பார்த்து இவர் ‘பளபளா’ என்று பெயர் வைத்துவிட்டார். பளபளா நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுச் சொல்கிறார்:

“உங்க அக்கா பெரிய விஞ்ஞானி மேடம். அவங்க சொல்றது தப்புன்னு நாங்க சொல்ல வரல. ஆனா உங்க காலி பாட்டில்லயே பச்சை நார் இருந்துச்சாமே? அப்போ பிளாஸ்டிக் உங்க வீட்டுலருந்துதானே வருது?”

எந்தப் பச்சை நார் என்று எனக்குப் புரியவே இல்லை. உன் கடிதமே எனக்கு மறுநாள்தான் கிடைத்தது. எனக்கே தெரியாத பச்சை நார் அந்த ஆளுக்கு எப்படித் தெரிந்தது? நீ சொன்னாயா? இயக்குநரிடம் ‘உள்ளது உள்ளபடி’ சொன்னேன் என்று எழுதியிருக்கிறாயே, அவர் அதைச் சுடச்சுடப் பரிமாறிவிட்டார் போலிருக்கிறது. உன் நேர்மை எங்கள் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போனது அக்கா.

கம்பெனி ‘நல்லெண்ணத்தோடு’ எங்கள் மேல்மண்ணை வழித்து எடுத்துக்கொண்டு போய் புது மண் கொட்டித் தருமாம். காசு கேட்க மாட்டார்களாம். நாங்கள் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டால் போதும். நிலத்தில் இருக்கிற பிளாஸ்டிக் எங்கள் சொட்டுநீர்க் குழாயிலிருந்தும் வீட்டுப் புழக்கத்திலிருந்தும் வந்தது, கரிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று. இவர் போட்டுவிடலாம் என்கிறார். “மண்ணு சுத்தமாயிடும், வேன் ஓடும். யார் மேல தப்புன்னு நிரூபிச்சு நமக்கு என்ன ஆகப்போகுது?” என்கிறார். எனக்கும் பாதி மனசு அப்படித்தான் இருக்கிறது. மீதிப் பாதிக்கு நீ என்ன சொல்கிறாய்?

தங்கை


மார்ச் 9

தங்கைக்கு,

கையெழுத்துப் போடாதே. போடாதே. போடாதே.

நீ எழுதியதைப் படித்ததும் நேராக இயக்குநர் அறைக்குப் போனேன். கதவைத் தட்டவில்லை. “என் சோதனை முடிவு கம்பெனிக்கு எப்படிப் போச்சு?” என்று கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, “அவங்க நம்ம கூட்டாளிங்க. வெளிப்படையா இருக்கணும்னு நீங்கதானே எப்பவும் சொல்வீங்க?” என்றார். என் வார்த்தையை எடுத்து என் வாயிலேயே அடைக்கிறார். நாற்காலி அடுக்கிய சூளையைப் பற்றிச் சொன்னேன். அது ‘பராமரிப்புக் காலம்’ என்றார். மண்ணைப் பற்றிச் சொன்னேன். “சொந்தத் தங்கச்சி நிலம். நீங்க சோதிச்சதே செல்லாது. கழுவத் தெரியாத ஜாடி வேற” என்றார். கழுவத் தெரியாத ஜாடியாம்! என் தங்கை கைவலிக்கத் தேய்த்த ஜாடி. உன்னைத் திட்டுகிற உரிமை எனக்கு மட்டும்தான் உண்டு. அதைக் கேட்டபோது எனக்கு வந்த கோபத்துக்கு அவர் மேசையில் இருந்த பேனாத் தாங்கி தப்பியது அதன் அதிர்ஷ்டம்.

மாப்பிள்ளை சொல்வது எனக்குப் புரிகிறது. ஆனால் பளபளாவிடம் ஒரே ஒரு கேள்வி கேள். வழித்த மண்ணை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவார்கள்? அவ்வளவுதான். கேட்டுவிட்டு அவர் முகத்தைப் பார்.

மண் மறுபடி எடுக்க வேண்டும். இந்த முறை ஜாடியை வெறும் தண்ணீரில் பல தடவை அலசு. துடைக்காதே, கவிழ்த்து வை. எனக்கு அனுப்பினால் ‘சொந்தத் தங்கச்சி’ என்பார்கள். வேறு யாருக்கு அனுப்புவது என்று யோசிக்கிறேன். நான் சொல்லும்வரை பொறு.

அக்கா


மார்ச் 20

அக்கா,

பொறுக்கவில்லை.

கேள்வியைக் கேட்டேன். பளபளா, “அதெல்லாம் நாங்க பார்த்துக்கறோம் மேடம், உங்களுக்கு எதுக்கு அந்தக் கவலை?” என்றார். சிரித்துக்கொண்டே அப்படிச் சொன்னதும் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. பக்கத்து நிலத்துக்காரரும் மற்ற இரண்டு பேரும் அதற்குள் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், பிள்ளை குட்டிக்காரர்கள். டிராக்டர் வந்து அவர்கள் மண்ணை வழித்து ஏற்றியது. நான் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன்.

குப்பைமேட்டுக்குப் போகும், எங்கேயாவது பள்ளத்தில் தள்ளுவான் என்று நினைத்தேன். கம்பெனியின் பின்பக்கக் கொட்டகைக்குப் போனது. அங்கே சல்லடை போட்டுச் சலித்துப் பச்சை நிறப் பையில் அடைக்கிறார்கள் அக்கா! ‘தொட்டிச் செடி மண்’. பையின் மேலே ஒரு பூப்படம். மாடி வீடுகளில் பால்கனியில் செடி வைக்கிறார்களே, அவர்களுக்கு. உன் தொட்டியிலிருந்து எங்கள் நிலம், எங்கள் நிலத்திலிருந்து அவர்கள் ஜன்னல். சுற்றிச் சுற்றி விற்கிறான்கள். வேலிக்கு வெளியே நின்று என் வாயில் வந்ததை எல்லாம் திட்டினேன். உனக்கு எழுதக்கூடிய வார்த்தைகள் இல்லை அவை.

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். நம்பவில்லை. “கோவத்துல நீ பார்த்ததை விட்டுட்டுப் பார்க்காததைச் சொல்றே” என்றார். இரண்டு நாள் கழித்து ஆணி வாங்கக் கடைக்குப் போனவர் ஒரு பச்சைப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். முற்றத்தில் கொட்டி விரலால் கிளறினார். பக்கத்து நிலத்தில் போன வருடம் முள்ளங்கி விதைக்குப் பூச்சிமருந்தோடு நீலச் சாயம் பூசியிருந்தது நினைவிருக்கிறதா, முளைக்காத அந்த நீல விதை இரண்டு அதில் கிடந்தது. நேராக உள்ளே போய் ஜாடிகளை எடுத்து அலச ஆரம்பித்துவிட்டார். அவரிடம் இருக்கிற ஒரே பருத்திச் சட்டை கல்யாணத்துக்குத் தைத்தது. வயிற்றில் பொத்தான் போட முடியாமல் அதையே மாட்டிக்கொண்டு மண் தோண்டினார். பார்க்கச் சகிக்கவில்லை, ஆனால் அன்றைக்கு இவரை எனக்கு ரொம்பப் பிடித்தது.

இப்போது நீ உட்கார்ந்துகொள். மண்ணை உனக்கு அனுப்பவில்லை. உன் வில்லனுக்கு அனுப்பிவிட்டேன். அதுதான், கூட்டத்தில் உன் கண்டுபிடிப்பை ‘அடுப்புக்கரி’ என்று கேலி செய்தாரே, நீ கூட ஒரு வாரம் சாப்பிடாமல் கிடந்தாயே, அந்தக் கிருமிப் பேராசிரியர். உன்னைப் பிடிக்காத ஆள் சொன்னால் ‘அக்காவுக்குச் சாதகம்’ என்று எவனும் சொல்ல முடியாது இல்லையா? போனில் நல்ல மாதிரியாகத்தான் பேசினார். “ஐஸ் வெச்சு அனுப்புங்கம்மா” என்றார். நீ ஒருநாளும் ஐஸ் கேட்டதில்லை.

தங்கை


மார்ச் 24

யாரைக் கேட்டு அவருக்கு அனுப்பினாய்?

உலகத்தில் வேறு ஆளே இல்லையா? என் பதினைந்து வருட உழைப்பை ஒரு அரங்கம் நிறைய ஆட்கள் சிரிக்கும்படி அடுப்புக்கரி என்று சொன்ன மனிதர். அவர் கையில் நீயே கொண்டுபோய் என்னைக் கொடுத்திருக்கிறாய். கம்பெனி செய்தது அயோக்கியத்தனம். ஆனால் என் கரி தன் வேலையைச் சரியாகச் செய்தது, எரிக்காமல் விட்டது அவர்கள். அந்த வித்தியாசத்தை அவர் எழுதுவார் என்றா நினைக்கிறாய்? கரியையே கரித்துக் கொட்டுவார். அத்தோடு என் கதை முடிந்தது.

ஐஸ் எதற்கு? பிளாஸ்டிக் என்ன ஊசியா போகும்? அதுகூடத் தெரியாத ஆள்.

கோபம் தணியவில்லை. தணிந்த பிறகு எழுதுகிறேன்.


ஏப்ரல் 10

என் தங்கைக்கு,

நீ பதில் எழுதவில்லை. எழுதியிருந்தால் என்ன எழுதியிருப்பாய் என்று எனக்கே தெரியும், அதனால் அதையும் வாங்கிக்கொண்டதாக வைத்துக்கொள்.

வில்லன் போன வாரம் என்னைக் கூப்பிட்டார். ஐஸ் எதற்கு என்று இப்போது தெரிந்துவிட்டது. சொல்லவே வெட்கமாக இருக்கிறது. நான் உயிருள்ளதை எல்லாம் பெராக்சைடு ஊற்றிக் கரைத்துவிட்டுப் பிளாஸ்டிக்கை எண்ணினேன். எங்கள் துறையில் எல்லோரும் அப்படித்தான் செய்கிறோம். கை பழகிவிட்டது. அவர் கிருமி ஆராய்கிறவர், அவருக்குக் கிருமி உயிரோடு வேண்டும். பிளாஸ்டிக் துணுக்குகளை அப்படியே எடுத்து, அவற்றின்மேல் யார் குடியிருக்கிறார்கள் என்று பார்த்திருக்கிறார். குடியிருந்தது என் பாக்டீரியா. நான் வளர்த்த வகை, வேறெந்த மண்ணிலும் இதுவரை கிடைக்காதது, மரபணு வரிசையோடு பதிவு செய்து வைத்திருப்பது. ஒவ்வொரு துணுக்கிலும் ஒட்டிக்கொண்டு உயிரோடு இருக்கிறது.

அது ஸ்க்ரப்பரிலிருந்து வராது. சொட்டுநீர்க் குழாயிலிருந்து வராது. என் வடிகட்டித் தொட்டி ஒன்றிலிருந்துதான் வர முடியும். இந்த முறை உன் வெற்று ஜாடியும் சுத்தம். ஒரு நார் இல்லை. மாப்பிள்ளையின் கல்யாணச் சட்டைக்கு என் வணக்கத்தைச் சொல்.

முதல் ஜாடிகளிலும் அந்தச் சாட்சி உயிரோடு இருந்தது. நான்தான் என் கையால் ஊற்றிக் கொன்றேன். வில்லனிடம் அதைச் சொன்னேன். அவர் கேலி செய்யவில்லை. “நான் உங்க இடத்துல இருந்தாலும் ஊத்தியிருப்பேன்” என்றார். கேலி செய்திருந்தால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது. கரியைப் பற்றி அவர் எழுதியிருப்பது: பொருள் வேலை செய்கிறது, எரிக்க ஆளில்லாத இடத்தில் கொடுக்கக் கூடாதது. மறுத்துப் பேச என்னிடம் ஒன்றும் இல்லை.

அவருடைய அறிக்கையையும் சூளைக்குள் நாற்காலி இருக்கும் படத்தையும் சேர்த்து மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குப் புகார் கொடுத்துவிட்டேன். அன்று மாலையே இயக்குநர் என்னை ‘நீண்ட விடுப்பில்’ போகச் சொல்லிவிட்டார். அறைச் சாவியை வாங்கிக்கொண்டார்கள். என் பாக்டீரியாத் தட்டுகளுக்கு யார் உணவு மாற்றுவார்கள் என்று கேட்டேன், “இனி அது உங்க வேலை இல்லை” என்றார்கள். வாரியம் எல்லாத் தொட்டிகளையும் நிறுத்தச் சொல்லும். அதோடு என் கரியும் போகும். போகட்டும்.

இனி உன் விஷயம். வாரியத்து அதிகாரி அடுத்த மாதம் வந்து தன் கையால் மண் எடுத்தால்தான் வழக்கு நிற்கும். மற்ற நிலங்களில் மேல்மண் போய்விட்டது. மிஞ்சியிருப்பது உன்னுடையது ஒன்றுதான். நீ கையெழுத்துப் போட்டால் நாளைக்கே மண்ணை வழித்துவிடுவார்கள், புது மண் வரும், வேன் ஓடும், வழக்கு செத்துப்போகும். போடாவிட்டால் மருத்துவமனையில் உங்கள் காயை வாங்க மாட்டார்கள். வாங்கவும் கூடாது. இந்த மண்ணிலிருந்து அதைப் பிரித்து எடுக்க வழி உண்டா என்று நீ கேட்பாய். எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. தெரிந்த மாதிரி உன்னிடம் பூசி மெழுக மாட்டேன்.

என்ன செய்ய வேண்டும் என்று நான் சொல்லப் போவதில்லை. நிலம் உங்களுடையது, வயிறும் உங்களுடையது. நீங்கள் இரண்டு பேரும் எது செய்தாலும் நான் உன் அக்காதான்.

அக்கா


ஏப்ரல் 22

அக்கா,

பிறந்ததிலிருந்து முதல் தடவையாக எனக்கு உத்தரவு போடாமல் நீ எழுதியிருக்கிறாய். உனக்கு உடம்புக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயந்தேபோனேன். இவரிடம் சத்தமாகப் படித்துக் காட்டினேன். முடித்ததும் கொல்லைப்பக்கம் போய் ரொம்ப நேரம் நின்றார்.

மருத்துவமனைச் சமையலறையிலிருந்து கூப்பிடும்வரை காத்திருக்கவில்லை. நாங்களே போய்ச் சொல்லிவிட்டோம். மேலாளர் நல்ல மனிதர், “நீங்களே வந்து சொன்னீங்களே, அதுக்கு நன்றி. ஆனா எடுக்க முடியாதும்மா” என்றார். தெரிந்துதான் போனோம். இருந்தாலும் காலி வேனில் திரும்பி வரும்போது நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன், இவர் ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டார்.

விளைந்து நின்ற கேரட்டை எல்லாம் பிடுங்கிக் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடியிருக்கிறோம். ஒவ்வொன்றும் சாண் நீளத்துக்கு எப்படித் திரண்டிருந்தது தெரியுமா? ஆடு மாட்டுக்குப் போடக்கூட மனசு வரவில்லை. எனக்கு வருகிற ஆத்திரத்துக்கு அளவே இல்லை அக்கா. நாங்கள் யாரை ஏமாற்றினோம்? யார் சொத்தைத் தின்றோம்? நல்ல மண்ணாகட்டும் என்று காசு கொடுத்து வாங்கிப் போட்டோம், அவ்வளவுதானே? அந்தப் பளபளா வீட்டில் என்றைக்காவது சோறு நின்றிருக்குமா?

போன வெள்ளிக்கிழமை பளபளா டிராக்டரோடு வந்துவிட்டார். கையில் அதே தாள். இவர்தான் முதலில் வெளியே போனார். கையெழுத்துப் போட்டுவிடப் போகிறார் என்று நான் பின்னாலேயே ஓடினேன். தாளை வாங்கி முழுக்கப் படித்தார். மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

“முடியாதுங்க.”

“சார், நல்லா யோசிங்க. நாளைக்கு இந்த மண்ணை யாரும் இலவசமாக்கூட எடுத்துக்க மாட்டாங்க.”

“அதான் நானும் சொல்றேன். யாருக்கும் தரமாட்டோம்.”

டிராக்டர்காரனைப் பார்த்து பளபளா ஏதோ கண்ணைக் காட்டினார். வண்டி முன்னால் நகர்ந்தது. இவர் ஓடிப்போய் வேனை எடுத்துக் கேட்டுக்குக் குறுக்கே நிறுத்திவிட்டுச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். நான் வேனுக்கு முன்னால் போய் நின்றேன். என்ன பேசினேன் என்று எனக்கு நினைவில்லை. “ஷூவோட என் மண்ணுல காலை வெச்சே, அந்தக் கால் உனக்குத் திரும்பாது” என்றேனாம். இவர் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார். டிராக்டர்காரன்தான் முதலில் எஞ்சினை அணைத்தான்.

போய்விட்டார்கள். திரும்பி வருவார்கள். அதிகாரி வருவதற்கு இன்னும் நாள் இருக்கிறது, ஆளில்லாத நேரம் பார்த்து வழித்துக்கொண்டு போய்விட்டால் எல்லாம் வீண். அதனால் காவல் இருக்கிறோம். விளைந்து நின்ற காய்க்குக்கூட ஒருநாள் காவல் இருந்ததில்லை, இப்போது பிளாஸ்டிக் மண்ணுக்கு முறை வைத்துக் காவல்! பகலில் நான், ராத்திரியில் இவர். நேற்று பக்கத்து நிலத்து அம்மா ஃபிளாஸ்க்கோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். எனக்கு ஒரு மூடி டீ ஊற்றிக் கொடுத்தாள். அப்புறம், “என்னுதை விட்டுட்டேன். உன்னுதையாவது விட வேணாம்” என்றாள். புதன்கிழமை முறை அவளுடையது என்று அவளே சொல்லிவிட்டுப் போனாள்.

உன் சாவியைப் பிடுங்கிக்கொண்டார்கள் என்ற இடத்தை இவர் இரண்டு தடவை படிக்கச் சொன்னார். உன் பாக்டீரியாவுக்கு அங்கே யாரும் உணவு மாற்றியிருக்க மாட்டார்கள். என் நிலத்தில் இருப்பது மட்டும்தான் இப்போது உனக்கு மிச்சம் என்று இவர் சொல்கிறார். அந்தக் கணக்கில் உன்னுடையதும் இங்கேதான் இருக்கிறது. இப்போது உனக்குச் சம்பளமும் இல்லை, இயக்குநரும் இல்லை. சொந்தக்காரர் நிலத்தில் கால் வைக்காதே என்று சொல்ல ஒருவனும் இல்லை.

சனிக்கிழமை முறைக்கு ஆள் இல்லை. உன் பெயரைச் சொல்லிவிட்டேன். முதல் பஸ்ஸிலேயே கிளம்பி வா.

தங்கை